எத்திராஜின் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்

– படியிலயா ஏறி வந்தீங்க? லிஃப்ட்ல வாங்கன்னு இன்டர்காம்ல படிச்சுப் படிச்சு சொன்னனே எத்திராஜண்ணா.

– லிஃப்ட்ல தான் வந்தேன் மேடம். கேட்லேந்து இந்த ரூமுக்கு நடந்ததுக்கே இப்டி இரைக்குது. நூத்தி இருவது கிலோ வண்டி இல்ல? கேட்ல டில்லிபாபுவ நிக்க வெச்சிட்டு வந்துகீறேன். எடை பாக்குறது வெள்ளிக்கெழம தானே? இன்னிக்கி இன்னா அவசரம்?

– மொதல்ல உக்காருங்க. ரெண்டு நிமிஷம் பேசாதீங்க.

– மூஞ்சே சரியில்லியே மேடம். என்னிய வேலைய உட்டு தூக்கிட்டாங்களா? நூறு நாளு தெனம் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடக்கலன்னா கேட் டூட்டி கெடையாதுன்னு கம்பெனி சொல்லிச்சு. இன்னிக்கி தொண்ணூத்தாறு. ஒரு நாளு நான் கொறைக்கலியே!

– கொறைக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மொத வாரத்துக்கு அப்புறம் ஒரு நாள் கூட பதினாலாயிரத்துக்குக் கீழ போகல. எடை மட்டும் அரைக்கிலோ எறங்கல.

– உண்மைய சொல்லிடறேன். பரோட்டா. பூந்தமல்லி மார்க்கெட்டாண்ட ஒரு கடை கீது, சால்னா ஊத்துவான் பாருங்கோ...

– பரோட்டா இல்லீங்கண்ணா. குண்டா இருக்கறதே சோம்பேறித்தனம்னு கம்பெனி நெனைக்குது. நடக்க வெச்சா சரியாயிடும்னு நெனைக்குது. நான் அப்படிப் படிச்சுட்டு வரல. எந்த மூட்டு எவ்வளவு தாங்கும், எந்த நெஞ்சு எவ்வளவு வேகத்துக்கு ஈடு குடுக்கும், ஒருத்தர எங்க நிறுத்தோணும். இதத்தான் கோயமுத்தூர்ல அஞ்சு வருசம் படிச்சேன். கினிசியாலஜி.

– நடைப் படிப்பு. ஊட்ல அப்டி தான் சொல்லி வெச்சிகீறேன். எம் பொஞ்சாதி அஞ்சலை சிரிக்கிறா. நடக்கறதுக்கு ஒரு படிப்பா, அப்ப நான் இந்நேரம் டாக்டராயிருப்பேனேன்றா.

– சிரிக்கற வெசயம் இல்லீங்கண்ணா இது. இந்த ஸ்கிரீனப் பாருங்க. மொத நாள் உங்க நடைய வீடியோ எடுத்தேன், ஞாபகம் இருக்கா? நிமிஷத்துக்கு எழுபது அடி வெச்சீங்க. முட்டிய மடக்காம, காலத் தேய்ச்சுத் தேய்ச்சு. நாலாம் நாள் வரைக்கும் அதே தான். இது அஞ்சாம் நாள், உங்க கையில கட்டிவிட்ட பாண்டு காட்டறது. நிமிஷத்துக்கு நூத்திப்பத்து. ஒரே நாள்ல எப்புடி?

– ஒரு வேகம் வந்துச்சு மேடம்.

– காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிக்குது. படி, படி, ஒரே படி. நீங்க கேட்ல உக்காந்திருக்கற நேரத்துல எந்தப் படி ஏறறீங்க?

– குடோனுக்கு மேல ஸ்டோர் கீதுல்ல. சும்மா ஏறி எறங்கறது.

– வீங்கின முட்டியோடவா? சரி, விடுங்க. இது போன பத்து நாள். இருவது படி ஏறறீங்க, ரெண்டு நிமிஷம் நிக்கறீங்க. மறுபடி இருவது, மறுபடி நிக்கறீங்க. நேத்து பத்துப் படிக்கே நின்னுட்டீங்க. தூங்கறப்பவே நாடி நூத்தி ஏழு. அந்த உடம்பு போதும் போதும்னு கையெடுத்துக் கும்பிடுதுங்கண்ணா.

– நான் சோக்கா கீறேன் மேடம். ராத்திரி கொறட்டை உட்டு தூங்கறேன்.

– நெஞ்சு அடைக்குதா? எடது கை மரத்துப் போகுதா?

– எனக்கா? எனக்கு அப்டியெல்லாம் ஒண்ணியும் இல்ல.

– மறைக்காதீங்க. எங்கப்பா மறைச்சாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து பொணமாத்தான் எடுத்துட்டு வந்தாங்க. அதனாலதான் இந்தப் படிப்பே எடுத்தேன். பாண்டு அதிர்றப்ப என்ன பண்றீங்க?

– அதிர்ந்தா ஏஞ்சி நடக்கணும். நீங்க தானே சொன்னீங்கோ? ஒரு மணி நேரம் குந்திகினே இருந்தா அதிரும், நடன்னு.

– அது மொத மாசம் சொன்னது. அந்த அலாரத்த போன புதன்கிழம எடுத்துட்டேன். இப்ப நாடி நூத்தம்பது தாண்டினா அதிரும். அதிர்ந்தா உக்காரோணும். நாடி எறங்கற வரைக்கும் விடாம அதிரும். மெசேஜ் அனுப்பினனே, படிக்கலியா?

– எந்த போனுக்கு மேடம்?

– பாண்டோட சேத்து வெச்சிருக்கற போனுக்குத்தான். ஏன்?

– இல்ல, சும்மா கேட்டேன்.

– உங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். பூந்தமல்லில இருந்து கெளம்பிடுச்சு. அஞ்சலையக்காவ நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. வேலை போயிடுமேன்னு யோசிக்காதீங்க, கம்பெனில நான் பேசிக்கறேன்.

– எனக்கு ஆம்புலன்ஸா? கேட்ல அத்தினி பேரும் பாப்பாங்கோ மேடம், மானம் போயிடும்.

– உயிரு போறதுக்கு அது தேவலை. பாருங்க, இப்ப, இந்த நிமிஷம், நூத்தி அறுபத்தெட்டு. சேர்ல உக்காந்து பேசிட்டிருக்கற ஆளுக்கு நூத்தி அறுபத்தெட்டு! இருங்க. ஸ்டெப்ஸ் எதுக்கு ஏறுது?

– மேடம்...

– நாப்பத்தொண்ணு. நாப்பத்தஞ்சு. அம்பது. நீங்க அசையவே இல்லியே. கையக் குடுங்க. சட்டைக் கைய மேல ஏத்துங்க. பேசாதீங்க, எண்ணறேன். எம்பத்தி நாலு. உங்களுக்கு எம்பத்தி நாலு தான் அடிக்குது. பாண்டு எங்க?

– சார்ஜ்ல போட்டு...

– சார்ஜ்ல போட்ட பாண்டு படி ஏறுமா? யார் கையில இருக்கு?

– மேடம், வேலைக்கு உலை வெச்சிடாதீங்கோ. கால்ல வேணா உழறேன். மொத நாலு நாளு நான் தான் நடந்தேன், சத்தியமா. ரெண்டு முட்டியும் பூசணிக்கா மாரி வீங்கிப் போச்சு. அஞ்சாம் நாளு ஊட்டு வாசப்படில குந்திகினு அழுதேன். அஞ்சலை தான் புடுங்கி மாட்டிகினா. ஐயப்பன்தாங்கல்ல மூணு பிளாக்கு, ஆறாறு மாடி, தெனம் நான் கூட்டித் தொடைச்சிகினு தானே கீறேன், அந்த நடையெல்லாம் சும்மா தானேய்யா போவுது, உன் பேர்ல போவட்டுமேன்னா. பாண்டோட சேத்து வெச்ச பழைய போனையும் இடுப்புல சொருவிகினா. மெசேஜ் வந்தா அவளுக்குப் படிக்கத் தெரியாது மேடம்.

– அப்ப இது அக்காவோட நாடி. தொண்ணூத்தி ரெண்டு நாளா நான் பாத்துட்டிருந்தது அக்காவோட நெஞ்சு.

– அவ ஒல்லி மேடம். நாப்பத்திரெண்டு கிலோ கூட தேறமாட்டா. அவளுக்கு இன்னா வரப்போவுதுன்னு தான்...

– கம்பெனி எடை மிஷின்ல ஏத்தி, குண்டா இருக்கறவங்கள மட்டும் எங்கிட்ட அனுப்புச்சு. நானும் அந்த மிஷினத்தான் நம்பினேன். நடை மாறினது கண்ணு முன்னாடி இருந்துச்சு, அது வேற ஆளோட நடைன்னு எனக்குத் தோணவே இல்ல. அண்ணா, அக்கா ஏதாவது சொன்னாங்களா? நெனச்சுப் பாருங்க.

– பத்து நாளா நெஞ்சுல கல்ல ஏத்தி வெச்ச மாரி கீதுன்னா. கேஸா இருக்கும்னு கோலி சோடா வாங்கியாந்து குடுத்தேன். நேத்து கூட குடுத்தேன். ஐயோ, சோடா வாங்கிக் குடுத்தேனே மேடம்!

– போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. வேலைய விட்டுட்டு இருக்கற எடத்துலயே உக்காரச் சொல்லுங்க, வேற எதுவும் பேச வேண்டாம். நான் ஆம்புலன்ஸ அந்தப் பக்கம் திருப்பறேன். எந்த அப்பார்ட்மெண்ட்?

– பஸ் டெப்போவுக்குப் பின்னால, மஞ்ச கேட்டு. ரிங் போவுது மேடம். எடு புள்ள. எடேன்.

– நூத்தி எழுவத்தி ஆறு.

– சொல்லாதீங்கோ மேடம்.

– அலோ. இன்னாய்யா?

– அஞ்சல! எங்க கீற?

– பி பிளாக்கு. நாலாவது மாடி. இரு... மூச்சு வுட்டுக்கறேன்.

– குந்து. வாளிய வெச்சிட்டு அந்தப் படியிலயே குந்து புள்ள.

– இன்னா ஒளர்ற? உன்ன மேடம் அவசரமா கூப்ட்டாங்கோன்னு டில்லிபாபு அண்ணாத்தே இப்ப தான் போன் பண்ணிச்சு. நாலு நாளு கீற சொல்ல இன்னாத்த கொறஞ்சி போச்சோன்னு எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சு. காத்தாலேந்து இந்தப் பாண்டு வேற உடாம அதிர்ந்துகினே கீது. அதிர்ந்தா நடக்கணும்னு நீ தானே சொன்ன? பயப்படாத, உன் வேல போவாது. வாளிய அப்பவே கீழ வெச்சிட்டேன்யா, ஓடிகினு தான் கீறேன்.