அம்புக்குறியின் பக்கம் நின்றவன்

மேடம், உங்கள் பேனா கசிகிறது. இந்தக் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள், துவைத்ததுதான். இப்படிச் சின்னச் சின்ன உதவிகளால்தான் உலகம் நடக்கிறது என்று நம்புகிறவன் நான். எல்லாவற்றையும் சொல்கிறேன், நிதானமாக எழுதுங்கள்.

என் பெயர் கார்த்திகேசன். அம்பத்தூர் எஸ்டேட்டில், குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலைப் பதிவுகளை அலசித் தருகிற சிறிய அலுவலகத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். புள்ளியியலுக்கென்றே உள்ள ஆர் என்ற கணினி மொழியில் வேலை. அதில் ஒரு பெயருக்குள் ஒரு மதிப்பை வைக்க இரண்டு வழி உண்டு. இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போடலாம், <- என்று. இல்லையென்றால் சமக்குறி, =. கணினிக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. யார் தருகிறார், யார் பெறுகிறார் என்பதை அம்பு பணிவோடு காட்டுகிறது. சமக்குறியோ கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒன்றென்று கூசாமல் சொல்கிறது. தினமும் பொய் எழுதிப் பழகிய கை நாளைக்கு எதைத்தான் செய்யாது?

பூபாலன் சமக்குறிக்காரன். எனக்குப் பக்கத்து நாற்காலி. மாங்காட்டுக்காரன், நல்லவன். அவன் டீ குடிக்கப் போகும்போதெல்லாம், அவன் எழுதியதை நானே அம்புகளாக மாற்றிவைத்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தான்.

"அண்ணாத்தே, உனக்கு வேற வேலயே இல்லியா? கோடு போட்டா இன்னா, அம்பு வுட்டா இன்னா? நாம இன்னா சண்டைக்கா போறோம்?" என்றான். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

அர்ச்சனைக்குப் பிறகும் அவன் மாறவில்லை. ஆகவே ஒரு திங்கட்கிழமை மதியம், வானகரத்தில் என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். போனைக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு மாடி அறையைப் பார்க்க வந்தான். நான் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். பைபாஸ் லாரிச் சத்தத்தில் அங்கே கத்தினால் கீழே கேட்காது. முந்தைய வாரமே மாடியில் ரேடியோவை அலறவிட்டு, கீழே நின்று கேட்டுப் பார்த்திருந்தேன்.

துன்புறுத்தினேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். மின்விசிறி உண்டு, குளியலறை உண்டு. மூன்று வேளையும் ஜன்னல் கம்பி வழியே சாப்பாடு கொடுத்தேன். வத்தக்குழம்பு பிடிக்காது என்றான், மறுநாளே மாற்றினேன். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பத்துப் பக்கம் பிழையில்லாமல் அம்புக்குறியில் எழுதினால் கதவு திறக்கும் என்றேன்.

"வெளாடாத அண்ணாத்தே. வியாயக்கெழம சௌம்யா கல்யாணம். நாந்தான் பொரி போடணும். அப்பாவும் இல்ல, என்ன வுட்டா அவளுக்கு யாரு கீறாங்க?"

சௌம்யா அவன் தங்கை. மணமகளின் கைகளில் உடன்பிறந்தவன் பொரியை அள்ளிப் போட, அவள் அதை அக்கினியில் இடுவாள். இவன் ஒரே அண்ணன். என் மனம் இளகியது. பத்துப் பக்கத்தை ஐந்தாகக் குறைத்தேன்.

செவ்வாய்க்கிழமையே எழுதிவிட்டான். வாசித்துப் பார்த்தேன். கிடங்கின் குளிர் மைனஸ் ஐந்துக்கும் கீழே போயிற்றா என்று கேட்க வேண்டிய இடத்தில், 'விடக் குறைவு' குறிக்கும் மைனஸுக்கும் நடுவே இடைவெளி விடாமல் x<-5 என்று எழுதியிருந்தான். கணினி அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாது. அம்பு என்று நினைத்து ஐந்தைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். அதுவரை அங்கே இருந்த மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

"உன் அம்புன்னு ஒண்ணு இல்லாங்காட்டி இந்த வம்பே கெடையாதுய்யா" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆனாலும் பிழை பிழைதானே. முதலிலிருந்து எழுதச் சொன்னேன்.

கல்யாண வீடு கலங்கக் கூடாதல்லவா? அவன் போனைத் திறக்கும் எண் அலுவலகத்துக்கே தெரியும். அவன் அம்மா கண்ணம்மாவுக்கு அதிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன்: அவசர வேலையாக வெளியூர் அனுப்பிவிட்டார்கள், என் இடத்தில் கார்த்திகேசன் அண்ணன் நிற்பார்.

வியாழக்கிழமை நசரத்பேட்டை மண்டபத்தில், "பொண்ணோட அண்ணன் யாரு? வாங்கோ" என்று ஐயர் கூப்பிட்டார். சௌம்யா தலை குனிந்திருந்தாள். நான் போய் நின்றேன். பட்டு வேட்டி கட்டியிருந்தேன். போன மாதமே வாங்கியது. பொரியை அள்ளி அவள் கைகளில் போட்டேன்.

"எம்புள்ள இல்லாத கொறையே தெரில நைனா. நீ நல்லா இருக்கணும்" என்று கண்ணம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சௌம்யா என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை மேடம்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். தினமும் அவன் போனிலிருந்து வீட்டுக்கு நலம் என்றும், அலுவலகத்துக்குக் கல்யாண விடுப்பு என்றும் செய்தி அனுப்பிவந்தேன். மறுவீட்டு விருந்துக்கு என்னை அழைக்க வந்த சௌம்யாதான் மாடியிலிருந்து குரலைக் கேட்டாள். பைபாஸில் அன்றைக்கு லாரி குறைவு.

ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தால் அவனை விட்டிருப்பாயா என்று கேட்கிறீர்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டான். கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே, ஜன்னல் வழியாக. ஐந்து பக்கமும் அம்புதான், இடைவெளிகூடச் சரியாக இருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிழை இல்லை. பொரி போடும்போது அந்தத் தாள்கள் என் சட்டைப்பையில் இருந்தன.

மண்டபத்திலிருந்து அவனுக்கு லட்டு கொண்டுபோனேன். கையெழுத்து இன்னும் கொஞ்சம் திருந்த வேண்டும் என்று அன்பாகச் சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.