கேட் திறக்கும்வரை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பேருந்து ரயில்வே கேட்டில் நின்றது. இடப்பக்கம் வரிசையாக நிற்க வேண்டும் என்பது விதி. வழக்கம்போல இரு புறமும் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றோம். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

“காசு கட்டுனா அடுத்த நிமிசம் அங்கன நிக்கலாம்னா, இப்ப எம்புட்டுன்னாலும் கட்டுவேம்லே.”

“நீயாலே சொல்ற? கேம்ல ஊரு விட்டு ஊரு தாவ நான் காசு கட்டுனதுக்கு, ‘ஒத்தையில வெளையாடுற கேம்ல என்னலே அவசரம், நடந்து போலே சோம்பேறி’ன்னு ஏசுனியே.”

“அங்கன எங்கக்கா இல்லையேலே.”

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடித்துவிட்டதாம். எந்த ஆலை என்று தெரியவில்லை. அவன் அக்காவுக்கு அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில்தான் வேலை. மறுபடியும் போன் போட்டான்.

“எடுக்க மாட்டேங்காலே.”

“எப்படிலே எடுப்பாக? போனை வாசல்லயே வாங்கி வச்சிருவாகள்ல.”

“சத்தம் கேட்டதும் எல்லாரையும் வெளிய விட்டிருப்பாகள்ல? போனையும் குடுத்திருப்பாகள்ல?”

நண்பன் ஜன்னல் வழியே கேட்டை எட்டிப் பார்த்தான்.

ரயில் போனது. கேட் தூக்கியும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன.

“அண்ணே, வெரசா எடுங்கண்ணே!” என்று போன் போட்டவன் டிரைவரைப் பார்த்துக் கத்தினான்.

ஒருவழியாகப் பேருந்து வேகமெடுத்தது. தூரத்தில் புகை தெரிந்தது. நண்பன் அவன் தோளைத் தொட்டான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“மெதுவாப் போகச் சொல்லுலே.”