நியூட்ரலா, மாப்ள?

இரவு பதினொன்று நாற்பது. ஊருக்கு வெளியே, நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகிற ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். நடுவில் ஒரே ஒரு பழைய கறுப்புக் கார்... என்ஜின் அணைந்து நிற்கிறது.

காரில் வந்தவர், இதோ, கதை கேட்க உட்கார்ந்திருக்கிற நம் கூட்டத்தில் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டிருக்கிறானே, இவனுடைய சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். கார் நின்றதற்குக் காரணம் பேய் அல்ல. அவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது, அவ்வளவுதான். இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிப்போமே என்று என்ஜினையும் அணைத்துவிட்டார். கஞ்சத்தனத்தால் நேரும் அமானுஷ்யங்களைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

டொக்.

மறுபடி திருகினார். டொக்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. சாவியைத் திருகும்போது டொக்டொக்டொக் என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் தெம்பில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு 'டொக்' மட்டும் வந்தால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மீது போக வேண்டும். என்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற மோட்டார் அது, பழைய வண்டிகளில் அடிக்கடி இறுகிக்கொள்ளும். சந்தேகத்தைத் தீர்க்க ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருக வேண்டும். வெளிச்சம் மங்கிச் செத்தால் பேட்டரி. மங்காமல் நின்றால் செல்ஃப். செல்ஃப் என்றால் நீள ஸ்பேனரால் அதன் முதுகில் மூன்று தட்டு தட்டினால் விட்டுக்கொடுத்துவிடும்.

ஆனால் இது இரண்டு பேர் வேலை. ஒருவர் சாவியில், ஒருவர் வண்டிக்கு முன்னால்.

இதையெல்லாம் சித்தப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மச்சான், அதாவது சித்தியின் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் காரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு, நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னக் கொடுத்து, ஓட வைத்தார்கள். மச்சானுக்குக் கை ஓடும், சித்தப்பாவுக்கு வாய் ஓடும். எந்தக் கோளாறு வந்தாலும் சித்தப்பா ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்: "பேட்டரி."

"உங்களுக்குத் தலைவலி வந்தாக்கூட பேட்டரின்னுதான் சொல்வீங்க, மாப்ள" என்பார் மச்சான்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. மச்சான் முன்னால் போய் நின்றுகொண்டு கேட்பார்: "நியூட்ரலா, மாப்ள?" கியரில் இருந்தால் சாவி போட்டதும் வண்டி முன்னால் பாய்ந்துவிடும் என்பதால், சித்தப்பா கியரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "நியூட்ரல்" என்பார். தட் தட் தட். "போடுங்க." சாவி. வண்டி கிளம்பும். நூறு தடவையாவது செய்திருப்பார்கள். நூறு தடவை செய்த காரியத்தில் என்ன ஆகும்? கேள்வி காதில் விழும் முன்பே பதில் வாயிலிருந்து வந்துவிடும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மதியம். வீட்டை ஒட்டிய ஷெட். வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது. ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பாதான் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்தியிருந்தார். மச்சான் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து நிற்கிறார். சித்தப்பா ஸ்டியரிங் மேல் விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். மின்சுற்றுப் பாடம். ஒரு பையனுக்கு அரை மதிப்பெண் போடலாமா வேண்டாமா என்ற பெரிய தர்மசங்கடத்தில் இருந்தார்.

"நியூட்ரலா, மாப்ள?"

"நியூட்ரல்."

தலையைத் தூக்கவில்லை. கியரைத் தொடவில்லை.

"போடுங்க."

அந்த அரை மதிப்பெண்ணைக் கடைசி வரை அவர் போடவில்லை.

அதற்கப்புறம் சித்தப்பா முதலில் செய்தது மச்சானிடம் ஓடியது அல்ல. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது... தெரியாது என்றுதான் சொல்கிறார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடி வந்தார். தரையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. சாவியே இல்லாமல், செல்ஃபின் இரண்டு முனையிலும் ஸ்க்ரூடிரைவரை வைத்து வண்டியைக் கிளப்புகிற முரட்டு வேலை ஒன்று உண்டு.

"ஐயோ சார்... இவரே ஷார்ட் பண்ணிப் பார்த்தாரா? கியர்ல இருக்குன்னு கவனிக்கலையா?"

சித்தப்பா பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தலையாட்டல் தெரு முழுக்க நடந்து திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஊரே அவருக்காகச் சொன்னது. சித்தியும் நம்பினாள். அழுகை தீர்ந்ததும் அண்ணன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. "அவசரக்குடுக்கை. கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்" என்பாள். அண்ணன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் சித்தப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். சாப்பாடு இல்லாத நேரத்தில் செய்தித்தாளைப் பார்ப்பார்.

இப்போது ரோட்டுக்கு வருவோம்.

சித்தப்பா ஹெட்லைட்டைப் போட்டார். எதிரே வெள்ளையடித்த மைல்கல் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சாவியைத் திருகினார். டொக். மைல்கல் அப்படியே பளிச்சென்று இருந்தது. மங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அது பேட்டரி இல்லை என்று அவராகவே கண்டுபிடித்தார். பாராட்ட ஆளில்லை.

இறங்கி பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ஸ்பேனர் இல்லை. மச்சானின் டூல் பெட்டியைச் சித்தி பரண் மேல் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு கல்லை எடுத்து எட்டித் தட்டிப் பார்த்தார். எட்டவில்லை. சரி, கடைசியாக ஒரு தடவை என்று வந்து உட்கார்ந்தார். பானெட் தூக்கி நின்றதால் முன்னால் எதுவும் தெரியவில்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மைல்கல் மட்டும் தெரிந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும். மச்சான் வேலை முடித்துக் கை கழுவுகிற வாசனை.

அப்புறம்... மைல்கல்லில் பாதி வெளிச்சம் இல்லை. யாரோ ஒரு ஹெட்லைட்டுக்கு முன்னால் வந்து நின்ற மாதிரி.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து, சாதாரணமாக, ஞாயிற்றுக்கிழமைக் குரலில்:

"மங்கல. செல்ஃப்தான். நியூட்ரலா, மாப்ள?"

சித்தப்பாவின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "நியூட்ரல்."

டொக்.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. பயத்தில் என்று நினைக்கிறீர்களா? இல்லையாம். இவனிடம் அவரே சொன்னார்: பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அசிங்கம். இத்தனைக்குப் பிறகும் கியரைத் தொடாமலேதானே பதில் சொன்னோம் என்ற அசிங்கம்.

"நியூட்ரலா, மாப்ள?"

இந்த முறை கியரைப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. "நியூட்ரல் மச்சான்... சத்தியமா."

டொக்.

தண்ணீர்ப் பக்கம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவை நின்றன.

"நியூட்ரலா... மாப்ள?"

கோபமில்லாத குரல். தெரியாமல் கேட்கிற குரல். அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது, மச்சான் கேட்பது இந்த ராத்திரியைப் பற்றி இல்லை.

"இல்ல" என்றார். "இல்ல மச்சான். நான் பார்க்கல."

தட். தட். தட்.

"போடுங்க."

வண்டி கிளம்பியது. பானெட் தானாக இறங்கியது, இரண்டு உள்ளங்கை வைத்து மெதுவாக அமுக்கிச் சாத்துகிற மாதிரி. எதிரே ரோடு மட்டும் இருந்தது. மைல்கல்லில் முழு வெளிச்சம்.

வழி முழுக்கச் சித்தப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். போனதும் சொல்லிவிட வேண்டும். கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். சித்தி கதவைத் திறந்தாள்.

"ஏங்க இவ்வளவு நேரம்?"

"வண்டி நின்னுடுச்சு."

"யாரு பார்த்துக் கொடுத்தா?"

வாயைத் திறந்தார். அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றாள், அண்ணன் ஜாடையில்.

"பேட்டரி" என்றார். "நானே பார்த்துட்டேன்."

மறுநாள் காலை ஷெட்டில் சாவியைத் திருகினால், டொக். மண்ணெண்ணெய் வாசனை. "நியூட்ரலா, மாப்ள?" அதற்கு மறுநாளும் அப்படியே. புது பேட்டரி போட்டார். செல்ஃப் மோட்டாரையே புதிதாக மாற்றினார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "வண்டில ஒரு குறையும் இல்ல சார். ஓட்டுறவர்கிட்டதான் ஏதோ குறை" என்று சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

விற்றுவிடலாம் என்றும் பார்த்தார். சித்தி விடவில்லை. "அது இருக்கட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை.

ஆக, தினமும் காலையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் வண்டி பள்ளிக்கூடம் போகும். ஷெட்டுக்கு நேர் மேலே சமையலறை ஜன்னல். அதனால் சித்தப்பா ஸ்டியரிங் மேல் குனிந்து, உதட்டுக்குள்ளேயே "இல்ல" என்பார். தட் தட் தட். பேயிடம் தினம் உண்மை பேசுவார், மனைவியிடம் காய்கறி விலை பேசுவார். ஏழு மாதம் இப்படியே ஓடியது. இந்த ஏழு மாதத்தில் இதை அவர் சொன்ன ஒரே ஆள் இவன்தான். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாராம். இவன் நம் ஆறு பேரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

போன மாதம் லீவுக்கு இவன் அங்கே போயிருந்தான். ஊர் திரும்புகிற அன்று விடியற்காலை இவனை ஸ்டேஷனில் விடச் சித்தப்பா காரை எடுக்கப் போனார். இவன் பின்சீட்டில் பையோடு ஏறினான். அப்போது சித்தி வந்தாள். மச்சான் போனதிலிருந்து அந்தக் காரில் கால் வைக்காதவள், முன்கதவைத் திறந்து சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் வரேன்" என்றாள்.

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினார்.

டொக்.

ஷெட்டுக்குள் சோப்புத்தூள் வாசனை. முன்னால், சுவருக்கும் பம்பருக்கும் நடுவே, இருட்டு.

இவன் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் சித்தப்பா வழக்கம்போல் ஸ்டியரிங் மேல் குனிவதைப் பார்த்தான். உதடு அசைவதைப் பார்த்தான்.

சித்தி நேராக முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு சொன்னாள்:

"தினமும் அவன் கேக்குறது ஜன்னல் வரைக்கும் வருது. நீங்க சொல்ற பதில்தான் எனக்குக் கேக்கவே மாட்டேங்குது... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."