நிருபனின் நீலச் சட்டை

— நாய்க்குக் கோழி அவிச்சு வச்சேன் அம்மா, கோப்பி மோந்துகூடப் பாக்கல. தண்ணி மட்டும்தான் நக்குது.

— கையால ஊட்டிப் பாத்தியோ பிள்ளை?

— பாத்தாச்சு லா! வாயை இறுக்கி மூடிக்குது. கேட்டுப் பக்கத்துல, அண்ணா மோட்டார் பைக் நிப்பாட்டுற இடத்துலயே படுத்துக் கெடக்கு. அண்ணாவும் மோட்டாரும் பாலத்து விபத்துலயே போயாச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது?

— நிருபன் வருவான் எண்டு வழி பாத்துக் கிடக்கிறான்.

— நாய் கிளினிக்ல டாக்டர் ஐனா என்ன சொன்னாங்க தெரியுமா? உடம்புல வியாதி ஒன்னும் இல்லையாம், ஏக்கமாம். அண்ணா வாசம் உள்ள துணி பக்கத்துல கெடந்தா சாப்பிட்டாலும் சாப்பிடுமாம். நாமதான் அந்தியேட்டிச் சடங்கு முடிஞ்ச கையோட எல்லாத்தையும் கழுவித் தள்ளிட்டமே.

— செத்த வீட்டுத் துடக்குக் கழிய வேண்டாமோ?

— படுக்கை, செருப்பு, திரைச்சீலை எல்லாம் சோப்புத் தண்ணில. உடுப்பெல்லாம் கெப்பாலா பத்தாஸ்ல உள்ள அனாதை ஹோமுக்கு. நாயைக்கூட நீங்க விடல, மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிப்பாட்டினீங்க!

— அவனும் துடக்குக்காரன்தானே. நிருபன் அவனைத் தம்பி எண்டுதானே கூப்பிடுவான்.

— அம்மா, ஒன்னு கேப்பேன். கோவிக்கக் கூடாது.

— கேக்காத.

— அந்த நீலச் சட்டை. துவைக்காதது. உங்க தலகாணி உறைக்குள்ள இருக்கு, நான் பாத்துட்டேன்.

— எனக்கு அது ஒண்டுதான் பிள்ளை.

— கோப்பிக்கு அதுவும் இல்லையே! ஒரே ஒரு ராத்திரி குடுங்க அம்மா. அண்ணா ஜெலுத்தோங் பசார்ல பொறுக்கி, சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்த குட்டி லா அது.

— அண்டைக்கே சொன்னன், நாய் வேண்டாமெண்டு. வாயில்லாத உயிரை வச்சுப் பாக்கிறது லேசில்லை எண்டு.

— அதுக்காகச் சாக விடுவீங்களா?

— கத்தாத அனுஜா.

— கத்துவேன்! ஒரு பழைய சட்டைக்கு இவ்வளவு பிடிவாதமா? கல்லு மனசும்மா உங்களுக்கு!

— நேற்றே குடுத்திட்டன் பிள்ளை.

— என்ன?

— நீ வேலைக்குப் போனாப் பிறகு, அவனுக்கு முன்னால கொண்டுபோய் விரிச்சன். ஓடி வந்தான். வாலைக்கூட ஆட்டினான். கழுத்துப் பட்டி, கை, பொக்கட் எல்லாம் தேடித் தேடி மோந்தான். பிறகு நிமிந்து என்னைப் பாத்தான். திரும்பக் கேட்டு வாசலுக்கே போயிட்டான்.

— ஏன்மா?

— அவ்வளவு நாளும் அதைக் கட்டிப் பிடிச்செல்லோ படுத்தன். அதில இப்ப என்ர வாசம்தான் பிள்ளை இருக்கு.