பாணனுக்கு விட்டுப்போன வரி

ஐயோ, போனை வெச்சுடாதீங்க தம்பி! சிரிப்பு வர்ற சமாச்சாரம்தான். கடைசியில சொல்றேன். ஆமா, புத்தகக் கடையேதான். நம்பரா? இன்னிக்குத்தான் மாத்தினோம். போன வாரம் ஆளுக்கொரு வேஷமா கதை ஆடுற அந்தப் பகடை ஆட்டத்துக்கு விதிப் புத்தகம் வாங்கினீங்களே, மூணாம் பதிப்பு, அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. க்ஹும்... பாழாப்போன இருமல்.

அறுபத்திநாலாம் பக்கம் எடுங்க. மெதுவா, மெதுவா. வீரன், மந்திரவாதி, திருடன், அதுக்குக் கீழ பாணன். பழைய பதிப்புல பாணன் யார் குரல்ல வேணா பேசி ஏமாத்துவான். இதுல? வீரனுக்கு ரெண்டாவது வாளு, பாணன் கையில ஒரு புல்லாங்குழலு, போய் ஓரமா உக்காருன்னுட்டாங்க.

என்னது, அதுதான் சரியா? நிஜத்துல குரலை மாத்தி ஒருத்தனையும் மூணு நிமிஷம்கூட ஏமாத்த முடியாதா? அடேயப்பா, என்னா மூளை! சிரிப்பா? வரும் தம்பி, வரும். முதலாளியம்மா பேசணுமாம், லைன்லயே இருங்க.

ஹலோ, நான்தாம்ப்பா. உங்க ஆட்டத்துல பாணன் யாரு? தங்கச்சியா? ஓஹோ. அவ பாணன் சிறையில இருக்கானா? சாயங்காலம் ஆடும்போது ராஜா குரல்ல பேசிக் காவக்காரனை ஏமாத்தலேன்னா தூக்கா? மூணு வருஷமா வெச்சு ஆடுற பாணனாமே, அழுதாளா? கதவைச் சாத்திக்கிட்டாளா! பாவம். நீ என்னப்பா பண்ணுவ, ஆட்டம் நடத்துறவன், புத்தகத்துல இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்?

சரி, விட்டுப்போன வரியைச் சொல்றேன், ஓரத்துல எழுதிக்க. பென்சில் வேணாம், பேனா. கேக்குறவன் மூணு நிமிஷத்துக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா, பாணனோட குரல் செல்லும். எழுதிட்டியா? கீழ ஒரு கையெழுத்து. அது இல்லாம திருத்தம் செல்லாதுப்பா. போட்டாச்சா? சமத்து. பகடையை மறக்காம அந்தப் பச்சை சோப்பு டப்பாவுல போட்டு வை, போன தடவை மாதிரி கட்டிலுக்கு அடியில உருண்டுடப் போகுது.

என்னது, யாரு பேசுறதா?

டப்பா விஷயம் கடைக்காரங்களுக்கு எப்படித் தெரியும்னா... மணியைப் பாரு. ஏழு நிமிஷம் ஆச்சு. இப்பச் சிரிக்கலாம் அண்ணா!

கத்தாத. கதவையும் உடைக்காத, உள்ள தாழ்ப்பா போட்டிருக்கேன். கையெழுத்து உன்னோடது, பேனாவும் உன்னோடது. போய்க் காவக்காரனை எழுப்பு, ராஜா பேசப்போறாரு.