ஆணியில் சுற்றிய கம்பி

இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்தில் வயரும் பேட்டரியும் கையில் இருந்தாலே போலீஸ் ஆயிரம் கேள்வி கேட்கும். தங்கச்சிமடத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு மஞ்சப்பை.

"பாடம் நடத்துற வாத்தியாருக்குப் பேட்டரி கட்டையும் செம்புக் கம்பியும் எதுக்கு மதினி?"

"யாருகிட்ட கேட்டாரு?"

"எம்மககிட்டதான். புதுசா வந்த சயின்ஸ் சாரு. ஆணியில கம்பியச் சுத்தி பேட்டரியில கொடுத்தா, ஆணி காந்தமாயிருமாம்."

"காந்தம் கடையிலயே கிடைக்குதே?"

"அதத்தான் நானும் கேட்டேன். செஞ்சு பாத்தாத்தான் மண்டையில ஏறுமாம். பொஸ்தகத்துல படம் இல்லையாக்கும்? போன வாரம் பிள்ளைகளப் பாம்பனுக்குக் கூட்டிட்டுப் போயி, கப்பலுக்கு ரயில் பாலம் எப்பிடித் தொறக்குதுன்னு வரையச் சொல்லியிருக்காரு."

"ஆத்தாடி, பாலத்தையா? எந்த ஊருக்காரரு?"

"யாருக்குத் தெரியும்? அதான் அவ செஞ்சதப் பையோட தூக்கிட்டு வந்துட்டேன். மண்டபத்துப் பள்ளிக்கூடத்துக்கே போயி அவரு மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டு வாரேன்."

"கூறுகெட்டவளே, மண்டபத்துல செக்போஸ்ட் இருக்குல்ல!"

பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. ஏறி வந்த போலீஸ்காரர் பையை வாங்கிக் கம்பி சுற்றிய ஆணியை வெளியே எடுத்தார்.

"இத யாரு செய்யச் சொன்னது?"

"பள்ளிக்கூடத்துல, புதுசா வந்த சாரு..."

அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எம்மகனும் நேத்து வீட்ல இதத்தான் செஞ்சுக்கிட்டிருந்தான். அந்தாளு எந்த ஊருன்னு உங்களுக்காவது தெரியுமா?"