ஆயிரமாவது நாளுக்கு ஓர் ஏணி

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள், மேடம். இன்றைக்குச் சமையல் முறை பார்க்கிற கைதிக்குச் சர்க்கரை வியாதி. எல்லோருக்கும் அவன் அளவுதான். காலை மட்டும் அசைக்க வேண்டாம். ஸ்டூலின் மேல் அடுக்கியிருக்கிற மூன்று பதிவேடும் சரியான உயரமாக அமைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று கேட்டீர்கள். வேல்ராஜ் விஷயத்தைச் சொல்லி முடித்தால் அதற்கும் பதில் கிடைத்துவிடும். அதை விசாரிக்கத்தானே தலைமையகத்திலிருந்து வந்தீர்கள்.

நான் தாவீது. இந்தக் கிளைச் சிறையில் தலைமை வார்டர். வார்டர்கள் சங்கத்துக்குச் செயலாளர், பாதுகாப்புப் பிரதிநிதி இரண்டும் நான்தான். எங்கள் ஆட்களின் உடம்புக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று இந்த வளாகத்தில் கவலைப்படுகிற ஒரே ஆள் நான் என்று தைரியமாகச் சொல்வேன்.

காவல் கோபுரத்து ஏணி பழைய மரம். மாற்றச் சொல்லி நாலு வருஷமாகக் கடிதம் எழுதினேன். "இதுவரை விபத்து ஏதும் நிகழாத நிலையில் புதிய ஏணிக்கான அவசியம் எழவில்லை" என்று பதில் வரும். ஒவ்வொரு தடவையும் அதே வாசகம். எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

அப்போதுதான் வல்லம் வடகாலிலிருந்து ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வாசலில் தொங்குகிற மாதிரியே நமக்கும் ஒரு போர்டு கொடுத்தார்கள். 'விபத்தில்லா நாட்கள்.' காலையில் ஷிப்ட் மாறும்போது எண்ணை மாற்ற வேண்டும். ஆயிரம் எட்டினால் பரிசு. என்ன வேண்டும் என்றார்கள். இரும்பு ஏணி என்றேன். அரசு ஊழியர் யாருக்காவது வளாகத்துக்குள் அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். கைதிக்கு அடிபட்டால் கணக்கில் வராது. விதியை நான் எழுதவில்லை, மேடம். ஊன்றிப் படித்தேன், அவ்வளவுதான்.

வேல்ராஜ் திருநெல்வேலிக்காரன், நல்ல வார்டர். மனைவி முத்துச்செல்விக்கு ஒரகடத்தில் போன் கம்பெனி லைனில் வேலை. படப்பையில் வாடகை வீடு. 958ஆம் நாள் காலை, கோபுரத்திலிருந்து இறங்கும்போது ஏழாம் படி முறிந்து விழுந்தான். நான்தான் முதலில் ஓடினேன். அவன் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் போர்டு நன்றாகத் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. காலு அசையல," என்றான்.

"இன்னும் நாப்பத்திரெண்டு நாள்தான்டா கீது. கொஞ்சம் பொறுத்துக்க."

"அதான் விபத்து ஆயிட்டுல்லா? இனி ஏணி குடுத்திருவாங்கல்லா?"

விவரம் பத்தாது அவனுக்கு. விபத்து நடந்தால் விசாரணைக் குழு போடுவார்கள். ஏணி போட மாட்டார்கள்.

கைதிகள் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். பெயர், தகப்பனார் பெயர், அங்க அடையாளம் இரண்டு. இரண்டு அடையாளம் இல்லாமல் இங்கே யாரையும் உள்ளே எடுக்க மாட்டோம். ஒரே மச்சம் உள்ளவனிடம் தழும்பு தேடி அரைமணி நேரம் செலவழித்திருக்கிறேன். குற்றம் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. கைதி குற்றம் செய்யாமல் இருக்கலாம், கட்டம் காலியாக இருக்கக் கூடாது. பிறகு எழுதினேன்: அரசுச் சொத்துக்குச் சேதம், ஏழாம் படி. உடைத்தது அவன்தானே.

உடனே ஏணிக்குக் கீழேயே சங்கக் கூட்டம் போட்டோம். எதையும் தனியாக முடிவு பண்ணுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பத்துப் பேர் கை தூக்கினார்கள். வேல்ராஜ் தூக்கவில்லை. அவன் கைதியாகி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. கைதிக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை.

நாலாம் செல்லில் ஃபேனுக்கு நேர் கீழே படுக்கை போட்டுக் கொடுத்தோம். கைதிகளுக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். வந்தார், மாத்திரை எழுதினார். "நான் வார்டர் சார்" என்று வேல்ராஜ் சொன்னதை, மனநிலை சரியில்லை என்று குறித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முத்துச்செல்வி மனு பார்க்க வந்தாள். கைதியைக் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பதைத்தான் மனு என்கிறோம்.

"டூட்டிக்கு வந்த மனுசன எதுக்குண்ணே உள்ள வச்சிருக்கீங்க? வெளிய விடுங்க," என்றாள்.

"வெளிய வுட கோர்ட் ஆர்டர் வேணும்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"உள்ள போட ஆர்டர் இருந்துச்சா?"

நியாயமான கேள்வி. ஆனால் மனு நேரம் முடிந்திருந்தது.

முப்பத்தேழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, கால் கறுத்துக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் வர இரண்டு நாள் இருந்தது. அன்று சிக்கன் போட்டோம், அவன் தொடவில்லை. திங்கட்கிழமை காலை லாக்-அப் திறந்து எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. நானே குளிப்பாட்டினேன். ஷிப்ட் மாறும்போது போர்டில் 996 மாட்டினேன். பாசமாகப் பழகின பிள்ளை.

உடலை வாங்கிக்கொண்டு போன முத்துச்செல்வி எழுதிய புகாரோடு இன்று வந்தீர்கள். ஏணியில் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும் என்றீர்கள். ஏழாம் படியைத் தாண்டிக் கால் வையுங்கள் என்றேன், தாண்டினீர்கள். எட்டாம் படி இற்றுப்போயிருப்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் ஏழாவதைப் பற்றித்தான் கேட்டீர்கள்.

வேல்ராஜைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், நான் ஓடிப்போக மாட்டேன். நாளைக்கு ஆயிரம். ஏணி வந்து இறங்கட்டும், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உங்கள் டிரைவரை ஒரகடத்துக்குச் சாப்பிட அனுப்பியாயிற்று. நீங்கள் வேறு வண்டியில் கிளம்பிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸையும் நாளைக்கு எண்ணை மாற்றியதும் முதல் வேலையாக நானே கூப்பிடுகிறேன். வெளியே அனுப்பக் கோர்ட் ஆர்டர் மட்டும் இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஐந்தாம் செல். நாலாவதைக் கழுவிவிட்டிருக்கிறோம், தரை ஈரம், வழுக்கும்.

ஸ்டூலிலிருந்து மேல் பதிவேட்டை மட்டும் மெதுவாக உருவிக்கொள்கிறேன், வலித்தால் சொல்லுங்கள். சத்யப்பிரியா என்று எழுதிவிட்டேன். குற்றம், எட்டாம் படி. வலது மணிக்கட்டில் ஒரு மச்சம் தெரிகிறது, அதையும் எழுதியாயிற்று. இன்னொன்று எங்கே இருக்கிறது, மேடம்?